லிங்க்ட்இன் பக்கத்தில் திறன்களும் சான்றுகளும்: குடும்பத்தோடு படிக்க ஒரு பாடம்



கொடைக்கானலிலும் பழனி, வத்தலக்குண்டு பக்கத்திலும் படிப்பை முடித்த நம் பிள்ளைகள் பலர் இப்போது லிங்க்ட்இன்னில் ஒரு பக்கம் திறந்து வைத்திருக்கிறார்கள். கல்லூரியில் சொன்னார்கள் என்றோ நண்பன் சொன்னான் என்றோ ஒரே நாளில் திறந்த பக்கம் அது. பெயர், படிப்பு, ஒரு புகைப்படம் இருக்கும். அதன் கீழே முப்பது நாற்பது திறன்களின் பட்டியலும் இருக்கும். அதில் பாதி, அந்தப் பிள்ளைக்கே என்னவென்று தெரியாதவை. அவற்றுக்கு எதிரே பத்துப் பேர், இருபது பேர் "ஆமாம், இவருக்கு இது தெரியும்" என்று சான்று கொடுத்திருப்பார்கள். அவர்களில் பாதிப் பேர் அந்தப் பிள்ளை வேலை செய்து பார்த்ததே கிடையாது.

இந்தப் பாடம் அந்த ஒரு பகுதியைப் பற்றியது மட்டுமே. திறன்களை எப்படி எழுதுவது, சான்றை யாரிடம் பெறுவது, யாருக்குக் கொடுப்பது, எதை மறைப்பது, எதை நீக்குவது என்று பார்ப்போம். பெற்றோரும் பிள்ளையும் ஒன்றாக உட்கார்ந்து படித்தால் நல்லது. கைப்பேசியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மலைப்பூண்டு கற்றுத்தரும் பாடம்

நம் ஊர் மலைப்பூண்டை எடுத்துக்கொள்வோம். மூஞ்சிக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு வரை எந்தக் கடையில் கேட்டாலும் "இது மலைப்பூண்டுதான் பாய்" என்றுதான் சொல்வார்கள். வெளியூர்ப் பூண்டும் அதே பெயரில் விலைபோகும். வாங்குபவருக்குத் தெரியாது, மணத்தையும் காரத்தையும் வீட்டுக்குப் போன பிறகுதான் அறிவார். அந்தக் குழப்பத்துக்கு ஒரு பதிலாகத்தான் 2019இல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த முயற்சியில் நம் ஊரிலேயே இருக்கும் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்துக்குப் பங்கு உண்டு.

அந்தக் குறியீடு எப்படிக் கிடைக்கிறது என்று பாருங்கள். விண்ணப்பம் போட வேண்டும். எந்த எல்லைக்குள் விளைகிறது, என்ன தனித்தன்மை, எத்தனை காலமாக விளைகிறது என்பதற்கெல்லாம் ஆதாரம் காட்ட வேண்டும். அதை ஆய்வு செய்து, அரசு இதழில் வெளியிட்டு, மறுப்பு இருந்தால் சொல்லலாம் என்று காலம் கொடுத்து, அதற்குப் பிறகுதான் பதிவு செய்கிறார்கள்.

கடைக்காரர் "இது மலைப்பூண்டு" என்று சொல்வதற்கும், பதிவு பெற்ற குறியீட்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் இந்தப் பாடம் முழுவதும். லிங்க்ட்இன்னில் நீங்களே எழுதும் திறன் கடைக்காரர் சொல். அறிந்தவர் ஒருவர் தரும் சான்று அதற்குக் கொஞ்சம் எடை சேர்க்கும். உங்கள் வேலையை நேரில் பார்த்தவர் எழுத்தில் தரும் பரிந்துரை அதைவிட எடை சேர்க்கும். தேர்வு எழுதிப் பெற்ற சான்றிதழும் செய்து காட்டிய வேலையும் எல்லாவற்றையும் விடக் கனமானவை.

மூன்று சொற்கள்

லிங்க்ட்இன் 2003 மே மாதம் அமெரிக்காவில் தொடங்கியது. 2016இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அதை வாங்கியது. அமெரிக்காவுக்கு அடுத்தபடியாக அதில் அதிகம் பேர் இருப்பது நம் நாட்டில்தான். அதில் நாம் தெரிந்துகொள்ள வேண்டிய சொற்கள் மூன்று.

ஸ்கில்ஸ் என்பது திறன் பட்டியல். நீங்களே எழுதிக்கொள்வது. 100 வரை எழுதலாம் என்று இடம் கொடுத்திருக்கிறார்கள். இடம் இருக்கிறது என்பதற்காக நிரப்ப வேண்டியதில்லை.

எண்டார்ஸ்மென்ட் என்பது அந்தத் திறனுக்கு இன்னொருவர் ஒரு தட்டில் கொடுக்கும் சான்று. 2012 செப்டம்பரில் இதைக் கொண்டுவந்தார்கள். உங்களோடு நேரடித் தொடர்பில் இருப்பவர் மட்டுமே இதைத் தர முடியும். விளக்கம் எதுவும் எழுத வேண்டியதில்லை. இதன் வசதியும் பலவீனமும் இந்த ஒன்றில்தான் இருக்கிறது. தட்டுவதற்கு ஒரு நொடி போதும் என்பதால், யோசிக்காமலும் தட்டிவிடுகிறார்கள்.

ரெகமெண்டேஷன் என்பது எழுத்தில் தரும் பரிந்துரை. உங்களோடு வேலை செய்தவர் நாலு வரி எழுதி அனுப்புவார். நீங்கள் படித்துப் பார்த்து ஏற்றுக்கொண்ட பிறகுதான் அது உங்கள் பக்கத்தில் வரும். திருத்தம் கேட்கவும் முடியும்.

இது புதிய பழக்கமும் அல்ல. 1845இல் அமெரிக்க மிஷன்காரர்கள் இந்த மலையில் வீடு கட்டிக் குடியேறினார்கள். அந்த வெள்ளைக்கார ஆட்சிக் காலத்தில், நாடெங்கும் துரைமார் வீட்டில் வேலை கேட்டுப் போகும் சமையல்காரரும் பட்லரும் கையில் ஒரு சீட்டுக்கட்டு வைத்திருப்பார்கள். முன்பு வேலை கொடுத்தவர்கள் எழுதிக் கொடுத்த நற்சான்று அது. புதிய எஜமானர் அதைப் படித்துத்தான் வேலை கொடுப்பார். கொஞ்ச காலத்திலேயே அந்தச் சீட்டுகளைக் கடன் வாங்குவதும், வாடகைக்கு விடுவதும், போலியாக எழுதுவதும் தொடங்கிவிட்டன. அதனால் சீட்டுக்கே மதிப்புக் குறைந்து, உண்மையாகவே நல்ல வேலைக்காரரும் சேர்ந்து பாதிக்கப்பட்டார்கள். அன்று சீட்டுக்கு நடந்தது இன்று கைப்பேசியில் நடந்துகொண்டிருக்கிறது.

யாருக்கு இது தேவை, யாருக்கு அவசியமில்லை

எல்லாரும் லிங்க்ட்இன்னில் நேரம் செலவழிக்க வேண்டும் என்று சொல்ல மாட்டோம்.

கணக்கு, கம்ப்யூட்டர், பொறியியல், ஓட்டல் நிர்வாகம், செவிலியர் பணி, ஆசிரியப் பணி, விற்பனை, மனிதவளம், வளைகுடா நாடுகளில் அலுவலக வேலை ஆகியவற்றைத் தேடும் பிள்ளைகளுக்கு இது உதவும். ஆள் தேடும் நிறுவனங்கள் திறனின் பெயரைத் தட்டித் தேடுகின்றன. அந்தப் பெயர் உங்கள் பக்கத்தில் இல்லையென்றால் நீங்கள் அவர்கள் கண்ணில் படவே மாட்டீர்கள்.

சுற்றுலா வண்டி ஓட்டும் சகோதரருக்கு, தங்கும் விடுதி நடத்துபவருக்கு, கடை வைத்திருப்பவருக்கு இது பெரிதாகப் பயன்படாது. அவர்களைத் தேடி வருபவர்கள் கூகுள் மேப்பில் உள்ள கருத்துகளைத்தான் பார்க்கிறார்கள். சமையல், தச்சு, மின்வேலை, குழாய்வேலை போன்ற கைத்தொழில் தெரிந்து சான்றிதழ் இல்லாதவர்களுக்கு, 2015இல் தொடங்கிய பிரதமரின் கௌஷல் விகாஸ் திட்டத்தில் முன்பே கற்ற திறனை மதிப்பிட்டுச் சான்றிதழ் தரும் ஏற்பாடு உண்டு. ஆர்.பி.எல். என்று கேட்டால் பயிற்சி மையங்களில் சொல்வார்கள். இருபது வருடம் பிரியாணி அடுப்பில் நின்றவருக்கு நூறு எண்டார்ஸ்மென்ட்டைவிட அந்த ஒரு தாள் மேல்.

திறன் பட்டியலைச் சரிசெய்வது

ஓர் உதாரணத்தோடு பார்ப்போம். கொடைக்கானலில் ஒரு ஓட்டலில் மூன்று வருடமாக முன் அலுவலகத்தில் வேலை செய்யும் தம்பி ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். சீசன் முடிந்தால் வேலை குறைகிறது. சென்னையிலோ துபாயிலோ நிரந்தர வேலை தேடுகிறார். அவர் பக்கத்தில் 42 திறன்கள் இருக்கின்றன. மைக்ரோசாஃப்ட் வேர்ட், லீடர்ஷிப், டீம் வொர்க், ஹார்ட் வொர்க்கிங், போட்டோஷாப், பைத்தான், பப்ளிக் ஸ்பீக்கிங், கஸ்டமர் சர்வீஸ், ஓட்டல் மேனேஜ்மென்ட் என்று போகிறது.

முதல் படி: எழுதி வடிகட்டுங்கள். எல்லாத் திறன்களையும் ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கேள்வி: "இதை நான் எங்கே, யாருக்காக, எப்போது செய்தேன்?" பதில் ஒரு வரியில் எழுத முடிந்தால் வைத்துக்கொள்ளுங்கள், முடியாவிட்டால் அடித்துவிடுங்கள். பைத்தான் கல்லூரியில் ஒரு பருவம் படித்தது, இப்போது ஒரு வரி எழுத வராது என்றால் அது திறன் அல்ல, நினைவு. நேர்காணலில் கேட்பவர் முதலில் அதைத்தான் கேட்பார்.

இரண்டாம் படி: பொத்தாம்பொதுவான சொற்களைக் குறையுங்கள். 'ஹார்ட் வொர்க்கிங்' என்று எழுதாதவர் யாரும் இல்லை. அதைத் தட்டி யாரும் ஆள் தேடுவதும் இல்லை. அந்த இடத்தில் செய்த வேலையின் பெயரை வையுங்கள். இந்தத் தம்பிக்கு ஃப்ரண்ட் ஆபிஸ் ஆபரேஷன்ஸ், ரிசர்வேஷன்ஸ், கெஸ்ட் ரிலேஷன்ஸ், நைட் ஆடிட் என்பவை பொருந்தும். எந்த மென்பொருளில் அறைப் பதிவு செய்தாரோ அதன் பெயரும் வேண்டும். உதாரணமாக ஓபரா. கணக்குப் படித்த தங்கைக்கு 'அக்கவுண்ட்ஸ்' என்ற ஒற்றைச் சொல்லைவிட டேலி, ஜிஎஸ்டி ரிட்டர்ன்ஸ், பேங்க் ரீகன்சிலியேஷன் என்று பிரித்து எழுதுவது மேல்.

மூன்றாம் படி: லிங்க்ட்இன் காட்டும் பெயரையே தேர்ந்தெடுங்கள். நீங்கள் இரண்டு எழுத்துத் தட்டியதும் அது ஒரு பட்டியலைக் காட்டும். அதிலிருந்து எடுங்கள். நீங்களாக ஒரு பெயரைப் புதிதாக எழுதினாலோ, எழுத்துப் பிழை இருந்தாலோ, தேடுபவருக்கு அது அகப்படாமல் போகலாம். வேலைதருபவர்கள் ஆங்கிலத்தில்தான் தேடுகிறார்கள் என்பதால் திறன்களின் பெயர் ஆங்கிலத்திலேயே இருக்கட்டும். மொழிகளுக்குத் தனி இடம் உண்டு. தமிழ், உருது, அரபு, மலையாளம், இந்தி எது தெரிந்தாலும் அங்கே எழுதுங்கள். எழுதப் படிக்கத் தெரியுமா, பேச மட்டும் தெரியுமா என்பதை உள்ளபடியே குறியுங்கள். ஓதத் தெரிவது வேறு, அரபு பேசத் தெரிவது வேறு. துபாய்க்காரர் முதல் நிமிடத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்.

நான்காம் படி: வரிசையை மாற்றுங்கள். உங்கள் பக்கத்தைத் திறப்பவருக்கு முதல் இரண்டு மூன்று திறன்கள்தான் உடனே தெரியும். மீதியைப் பார்க்க இன்னொரு தட்டு தட்ட வேண்டும். பலர் தட்ட மாட்டார்கள். தேடும் வேலைக்கு எது முக்கியமோ அதை மேலே கொண்டுவாருங்கள். திறன் பகுதியில் பென்சில் குறியைத் தொட்டு, மூன்று புள்ளி உள்ள இடத்தில் ரீஆர்டர் என்பதைத் தேர்ந்தால், இழுத்து மேலே வைக்கலாம். அறிமுகம் எழுதும் பகுதியிலும் 5 முக்கியத் திறன்களைக் காட்ட முடியும்.

ஐந்தாம் படி: திறனை வேலையோடு இணையுங்கள். ஒவ்வொரு திறனையும் எந்த வேலையில், எந்தப் படிப்பில், எந்தச் சான்றிதழில் பெற்றீர்கள் என்று குறிக்கும் வசதி இருக்கிறது. ரிசர்வேஷன்ஸ் என்பதை அந்த ஓட்டல் வேலையோடு இணைத்துவிட்டால், அது வெறும் சொல்லாக நிற்காது. தமிழ்நாடு அரசு 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் கல்லூரிப் பிள்ளைகள் படித்த படிப்புகளின் சான்றிதழ்களையும் அதற்குரிய பகுதியில் சேர்த்து, அங்கே கற்ற திறனோடு இணைக்கலாம்.

இவ்வளவும் செய்தால் அந்தத் தம்பியின் 42 திறன்கள் ஏறக்குறைய 15 ஆகும். குறைந்துவிட்டதே என்று தோன்றும். ஆனால் 15க்கும் அவரால் பதில் சொல்ல முடியும்.

சான்றைக் கையாள்வது

திறன் பட்டியல் சுத்தமான பிறகுதான் சான்றுக்கு வர வேண்டும். களை எடுக்காமல் உரம் போட்டால் களைதான் வளரும்.

வந்த சான்றுகளைப் பாருங்கள். ஒவ்வொரு திறனையும் தொட்டால் யார் யார் சான்று கொடுத்தார்கள் என்று பெயரோடு காட்டும். உங்கள் வேலையைப் பார்த்தே இராதவர் கொடுத்த சான்று இருந்தால் அதை மட்டும் மறைக்கலாம். திறன் அப்படியே இருக்கும். திறனையே நீக்கினால் அதற்கு வந்த சான்றுகளும் சேர்ந்து போய்விடும் என்பதை நினைவில் வையுங்கள். பல வருடம் நல்லவர்களிடம் சான்று சேர்ந்த திறனை அவசரப்பட்டு நீக்க வேண்டாம். வரிசையில் கீழே தள்ளினால் போதும்.

அமைப்புகளைச் சரிபாருங்கள். திறன் பகுதியில் எண்டார்ஸ்மென்ட் செட்டிங்ஸ் என்று ஒன்று உண்டு. அதில் மூன்று பொத்தான்கள். எனக்குச் சான்று வரலாமா என்பது ஒன்று. எனக்குச் சான்று கொடுக்கும்படி மற்றவர்களிடம் லிங்க்ட்இன் தானாகக் கேட்கலாமா என்பது இரண்டாவது. மற்றவர்களுக்குச் சான்று கொடுக்கும்படி என்னிடம் கேட்கலாமா என்பது மூன்றாவது. முதலாவதைத் திறந்து வைத்து, மற்ற இரண்டையும் மூடிவிடலாம். யோசிக்காமல் தட்டும் சான்றுகள் பெரும்பாலும் அந்த இரண்டு வழியாகத்தான் வருகின்றன.

கேட்க வேண்டியவரிடம் கேளுங்கள். முன்னாள் மேலாளர், உடன் வேலை செய்தவர், பயிற்சி கொடுத்த ஆசிரியர், வேலை வாங்கிய வாடிக்கையாளர் என்று நாலைந்து பேர் போதும். கேட்கும்போது எந்தத் திறன், எந்த வேலை என்று குறிப்பாகச் சொல்லுங்கள். இப்படி எழுதலாம்:

"சார், வணக்கம். 2022 முதல் 2024 வரை உங்களிடம் முன் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். ரிசர்வேஷன், நைட் ஆடிட் இரண்டையும் நீங்கள்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தீர்கள். இப்போது வேறு இடத்தில் முயற்சி செய்கிறேன். என் வேலை உங்களுக்குத் திருப்தியாக இருந்திருந்தால், அந்த இரண்டு திறனுக்கும் சான்று தர முடியுமா? நேரம் கிடைத்தால் நாலு வரி பரிந்துரையும் எழுதிக் கொடுத்தால் உதவியாக இருக்கும். இயலாவிட்டால் பரவாயில்லை சார்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். மறுக்க இடம் இல்லாமல் கேட்டு வாங்கும் சான்றுக்கு மதிப்பு இல்லை. கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் "எனக்கு நீ, உனக்கு நான்" என்று மொத்தமாகத் தட்டிக்கொள்வதும் வேண்டாம். ஒரே வகுப்பில் படித்த நாற்பது பேர் ஒரே நாளில் ஒருவருக்கொருவர் கொடுத்த சான்று, பார்ப்பவருக்கு அப்படியே தெரியும்.

சான்று கொடுப்பது ஒரு சாட்சி

கேட்பதைவிடக் கொடுப்பதில்தான் கவனம் தேவை. "நம்ம மாமா மகன்தானே, தட்டிவிடு" என்று நினைக்கிறோம். ஆனால் நம் பெயரில், எல்லாரும் பார்க்கும் இடத்தில், இவருக்கு இது தெரியும் என்று சொல்கிறோம். அது சாட்சி.

சாட்சியை எடைபோடுவது எப்படி என்பதில் நம் முன்னோர்களைப் போல உழைத்தவர்கள் குறைவு. ஹதீஸ் கலையில் அறிவிப்பாளர்களை ஆராய்வதற்கென்றே ஒரு துறை வளர்ந்தது. மதரஸாவில் ஓதியவர்கள் அல்ஜர்ஹு வத்தஃதீல் என்ற பெயரைக் கேட்டிருப்பார்கள். அதில் ஒருவரைப் பற்றி இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்டார்கள். அவர் நேர்மையானவரா? கேட்டதைச் சரியாக நினைவில் வைத்துச் சொல்லக்கூடியவரா? வணக்கசாலி, உத்தமர் என்று புகழப்பட்டவரும், நினைவாற்றலில் பலவீனமானவர் என்று குறிக்கப்பட்டதுண்டு. அது அவரை இழிவுபடுத்துவதற்காக அல்ல. அவர் சொல்லை நம்பி நிற்பவர்கள் ஏமாறக் கூடாது என்பதற்காக. சான்று சொல்பவர் யார், அவருக்கு இவரை நேரில் தெரியுமா என்பதையும் விடாமல் பார்த்தார்கள்.

அந்தப் பிரிப்பை நாம் அப்படியே கைக்கொள்ளலாம். நல்லவர் என்பது வேறு, வல்லவர் என்பது வேறு. தம்பி ஐவேளையும் பள்ளிக்கு வருகிறார், பெரியவர்களுக்கு மரியாதை கொடுக்கிறார் என்பது உண்மை. அதை வைத்து அவருக்கு மின்வேலை தெரியும் என்று சொல்ல முடியாது. தெரியாத வேலைக்கு நாம் கொடுத்த சான்றை நம்பி ஒருவர் அவரை வேலைக்கு எடுத்து, ஒரு வீட்டில் மின்கசிவு ஏற்பட்டால், அதில் நம் பங்கும் இருக்கிறது.

சான்று கொடுக்கும் முன் மூன்று கேள்விகள். இந்த வேலையை இவர் செய்ய நான் பார்த்தேனா? அந்த வேலை நன்றாக இருந்ததா என்று சொல்லும் அளவுக்கு எனக்கு அந்தத் தொழில் தெரியுமா? நாளை ஒருவர் போன் செய்து கேட்டால் இதையே சொல்வேனா? மூன்றுக்கும் ஆம் என்றால் தாராளமாகக் கொடுங்கள். தகுதி உள்ளவருக்குக் கேட்காமலே சான்று கொடுப்பதும் ஓர் உதவிதான்; கேட்கக் கூச்சப்பட்டே பலர் நின்றுவிடுகிறார்கள். முன்பு யோசிக்காமல் கொடுத்தது இருந்தால், அவர் பக்கத்துக்குப் போய் அதே இடத்தைத் தொட்டுத் திரும்பப் பெறவும் முடியும்.

கடல் கடந்த வேலைக்கு

வளைகுடா வேலையில் இப்போது சொல்லைவிடச் சோதனைக்கு மதிப்பு கூடியிருக்கிறது. சவுதி அரேபியா தன் திறன் சரிபார்ப்புத் திட்டத்தை 2022இன் இறுதியில் இந்தியாவில் தொடங்கியது. குழாய்வேலை, மின்வேலை, வெல்டிங், குளிர்சாதன வேலை, வாகன மின்வேலை ஆகியவற்றில் தொடங்கி, தொழில்கள் சேர்க்கப்பட்டுவருகின்றன. பட்டியலில் உள்ள தொழிலுக்குப் போகிறவர் இங்கேயே எழுத்துத் தேர்வும் செய்முறைத் தேர்வும் எழுத வேண்டும். பக்கத்தில் எத்தனை எண்டார்ஸ்மென்ட் இருந்தாலும் அந்தத் தேர்வில் கைதான் பேசும்.

இன்னொரு பக்கம் ஆபத்து. உங்கள் திறன் பட்டியலை நல்ல நிறுவனங்கள் மட்டும் படிப்பதில்லை, மோசடிக்காரர்களும் படிக்கிறார்கள். டேட்டா என்ட்ரி, இங்கிலீஷ் டைப்பிங், டிஜிட்டல் மார்க்கெட்டிங் தெரியும் என்று எழுதியவருக்குத் தாய்லாந்தில் ஐ.டி. வேலை, பெரிய சம்பளம் என்று செய்தி வரும். 2022இல் அப்படிப்பட்ட ஆசை வார்த்தையை நம்பிப் போன தமிழக இளைஞர்கள் மியான்மரின் மியாவாடி பகுதியில் சிக்கி, இணையவழி மோசடி செய்யும்படி கட்டாயப்படுத்தப்பட்டு, பிறகு மீட்கப்பட்டு ஊர் திரும்பினார்கள். தேர்வு இல்லை, நேர்காணல் பெயருக்கு ஐந்து நிமிடம், சுற்றுலா விசாவில் வா என்று சொன்னால் அங்கேயே நின்றுவிடுங்கள்.

வெளிநாட்டு முகவர் பதிவு பெற்றவரா என்பதை மத்திய அரசின் இமைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் அதற்குரிய ஜிஎஸ்டியும் என்று உச்சவரம்பு இருக்கிறது. தமிழ்நாடு அரசுக்கே 1978 முதல் ஓ.எம்.சி.எல். என்ற வெளிநாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. பணம் இழந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள்.

பெண் பிள்ளைகள் வைத்திருக்கும் பக்கம்

"படம் போட வேண்டுமே, யார் யாரோ பேசுவார்களே" என்று பல பெற்றோர் மகளின் பக்கத்தை மூடச் சொல்கிறார்கள். கவலை நியாயமானது, மூடுவது மட்டும்தான் வழி என்பதில்லை. புகைப்படத்தை நேரடித் தொடர்பில் உள்ளவர்கள் மட்டும் பார்க்கும்படி வைக்க முடியும். படமே இல்லாமலும் பக்கம் வைத்திருக்கலாம். தொலைபேசி எண்ணும் வீட்டு முகவரியும் எழுதத் தேவையில்லை. தெரியாதவர் அனுப்பும் தொடர்புக் கோரிக்கையை ஏற்காமல் விடலாம். சான்று தர முடிவது நேரடித் தொடர்பில் இருப்பவருக்கு மட்டும் என்பதால், தொடர்புகளைத் தேர்ந்து வைத்தாலே வேண்டாதவர் சான்றும் வராது. பேராசிரியைகள், வகுப்புத் தோழியர், பயிற்சி எடுத்த இடத்தின் மேலாளர் என்று முப்பது பேர் கொண்ட ஒரு சிறிய வட்டம் மூவாயிரம் பேரைவிடப் பயனுள்ளது. பதினாறு வயது நிரம்பாதவர்கள் கணக்குத் தொடங்க அனுமதி இல்லை என்பதையும் கவனியுங்கள்.

சில கேள்விகள்

*சான்று எண்ணிக்கை அதிகம் இருந்தால் வேலை கிடைக்குமா?*
எண்ணிக்கைக்காக மட்டும் யாரும் வேலை கொடுப்பதில்லை. முதல் வடிகட்டலில் கொஞ்சம் உதவும். அந்தத் துறையில் பெயர் பெற்றவர் மூவர் கொடுத்தது, துறைக்கு வெளியே உள்ள அறுபது பேர் கொடுத்ததைவிட மேல்.

*புதிதாகப் படிப்பை முடித்தவருக்குச் சான்று யார் தருவார்கள்?*
புராஜெக்ட் வழிகாட்டிய ஆசிரியர், பயிற்சி எடுத்த இடத்தின் பொறுப்பாளர். விடுமுறையில் அத்தாவின் கடைக் கணக்கை டேலியில் ஏற்றினாயா? அதுவும் வேலைதான். ஆனால் அதற்கு அத்தா சான்று தருவதைவிட அந்தக் கணக்கைச் சரிபார்த்த ஆடிட்டர் தந்தால் எடை உண்டு.

*உறவினர் கேட்டார், தெரியாத திறனுக்கு எப்படி மறுப்பது?*
"மச்சான், அந்த வேலையை நீங்கள் செய்து நான் பார்த்ததில்லை. நம் கடையில் சரக்கு நிர்வாகம் பார்த்தீர்களே, அதற்கு மனசார எழுதித் தருகிறேன்" என்று சொல்லுங்கள். மறுப்போடு ஓர் உண்மையான சான்றும் சேர்ந்து வந்தால் யாரும் கோபிக்க மாட்டார்கள்.

*பணம் கொடுத்தால் சான்று சேர்த்துத் தருகிறேன் என்கிறார்களே?*
வேண்டாம். அது பொய்ச் சாட்சியை விலைக்கு வாங்குவது. கணக்கே முடக்கப்படும் ஆபத்தும் உண்டு.

இந்த வாரம் வீட்டில் செய்ய

1. திறன்களைத் தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் "எங்கே, எப்போது செய்தேன்" என்று ஒரு வரி எழுதுங்கள். வரி வராததை நீக்குங்கள்.
2. தேடும் வேலைக்குரிய மூன்று திறன்களை மேலே வையுங்கள்; மீதியை வேலையோடும் படிப்போடும் இணையுங்கள்.
3. வந்த சான்றுகளில் உங்கள் வேலையைப் பார்க்காதவர் தந்ததை மறையுங்கள்; தானாகக் கேட்கும் இரண்டு பொத்தான்களையும் மூடுங்கள்.
4. உங்கள் வேலையை அறிந்த இரண்டு பேருக்கு மேலே சொன்னபடி செய்தி எழுதுங்கள்.
5. கேட்காமலே, தகுதி உள்ள ஒருவருக்கு நீங்கள் சான்று கொடுங்கள்.

பெற்றோர்களே, உங்களுக்கும் ஒரு வேலை. பிள்ளை தாளில் எழுதியதை வாங்கி, ஒவ்வொரு திறனாகக் கேளுங்கள்: "இது என்ன? இதை வைத்து என்ன செய்தாய்?" உங்களுக்கு அந்தத் தொழில் தெரிய வேண்டியதில்லை. உங்களுக்குப் புரியும்படி அவன் சொல்லிவிட்டால் நேர்காணலிலும் சொல்லிவிடுவான். திணறினால், அந்த வரியை இன்றைக்கே வீட்டில் வைத்து அடித்துவிடுவது நல்லது. நாளை அந்நியர் முன்னால் திணறுவதைவிட அது எவ்வளவோ மேல்.

வல்ல இறைவன் நம் பிள்ளைகளின் கல்வியிலும் உழைப்பிலும் பரக்கத் செய்வானாக. வஸ்ஸலாம்.